சிமிட்டல்

ஜிஎஸ்டி வந்ததும் காலியான
ஊத்துக்கோட்டை செக்போஸ்ட் அறையில்
லெட்ஜர் அலமாரி நின்ற சுவருக்கு
சாய்லீலா வெள்ளை அடித்திருந்தாள்.
புரொஜெக்டர் அவளுடையது, யோசனையும்.
நெற்றிப்பட்டை கட்டிவிடுவது என் வேலை.

திருப்பதியில் ஆறு வருஷம்
வலிப்புக்காரர்களின் தலையை வகிர்ந்து
பசை தடவியவள் நான்.
கோடு ஓடும்போதே தெரியும்,
எது நோய், எது தூக்கம்,
எது டீக்கு ஏங்குகிற வெறும் அலுப்பு.

இங்கே யாருக்கும் நோயில்லை.
வளர்த்ததைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான்.
பேசப் பேச
அலை நிறமாகிச் சுவரில் ஊரும்.
விரட்டினால் ஓடும்.
கை நீட்டிச் சும்மா நின்றால்
சில சமயம் கிட்டே வரும்.

பிரிசில்லா டீச்சரின் பூனை,
மீன்வண்டி ஹாரனுக்கு மட்டும் எழுந்திருக்கிற பூனை,
கத்தரிப்பூ நிறத்தில் வந்து படுத்துக்கொண்டது.
மூன்றாம் வகுப்பு ஹரீஷ்
செத்துப்போன கப்பி மீனைச் சொல்லி முடிக்குமுன்
வெளியே ஐஸ் வண்டி மணி.
சுவரெல்லாம் சிவப்பு.
அவனே முதலில் சிரித்தான்.

பிறகு டில்லிபாபு.
செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டுகிறவர்.
செருப்பை வாசலில் விட்டு வந்தார்,
யாரும் விடச் சொல்லவில்லை.

"நாகலாபுரம் பக்கம் ஆட்டுக்காரன்கிட்ட வாங்கின குட்டி.
தெலுங்குதான் தெரியும் அதுக்கு.
வான்னா தலையைச் சாய்க்கும்,
ரான்னா வரும்.
உக்காருன்னா மூஞ்சியையே பாக்கும்,
கூர்ச்சோன்னா உக்காரும்.
ஒரே ஒரு வார்த்தைதான்
ரெண்டு பாஷைலயும் ஒண்ணு."

எந்த வார்த்தை என்று சொல்லவில்லை.
சுவரின் மூலையில்
மஞ்சளாய் ஒன்று மோந்து பார்த்தது.

"பாப்பாவுக்கு இழுப்பு. நாய்முடி ஆகாதுன்னுட்டாங்க.
சுருட்டப்பள்ளில விட்டேன், ராத்திரியே வந்துட்டுது.
சத்தியவேட்டுல விட்டேன், மூணாம் நாள்.
தரைப்பாலத்து மேல தண்ணி போவுது,
பஸ்ஸே நிக்குது,
இது நனைஞ்சு நிக்குது வாசல்ல.
அப்புறம் லோடு லாரில ஏத்தி
நாயுடுபேட்டை தாண்டி..."

பேச்சு நின்றது.
சுவர் நிற்கவில்லை.
மஞ்சள் பொங்கிப் பொங்கி எழுந்து
தரைவரை வழிந்தது.
பிள்ளைகள் கூச்சலிட்டு அதற்குள் குதித்தார்கள்.
"அக்கா, இதான்க்கா சூப்பர்" என்றான் ஹரீஷ்.
சாய்லீலா போனில் படமெடுத்தாள்.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
மூளை இல்லை அது.
இமை.
அழாமல் இருக்க ஒரு ஆள்
விடாமல் கண்ணைச் சிமிட்டினால்
நெற்றியில் வைத்த கம்பி
மலை மலையாய் வரையும்.

ஆஸ்பத்திரியில் அதை அழுக்கு என்போம்.
கண்ணை மூடிட்டு அசையாம இருங்க என்று அதட்டுவோம்.
அப்படியும் வந்தால் வெட்டி எடுத்துவிட்டு
மிச்சத்தை டாக்டர் மேசைக்கு அனுப்புவோம்.
ஆறு வருஷம்.
எத்தனை பேருடையதை.

இந்தக் கம்ப்யூட்டரிலும் அதற்கொரு பொத்தான் உண்டு.
விரல் பழக்கத்தில் அதன்மேல் போய்விட்டது.
எடுத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து சுவரருகே போனார்.
பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள்.
கை நீட்டி நின்றார், ரொம்ப நேரம்.
மஞ்சள் ஒரு சாண் தள்ளி நின்றது.
"ரா" என்றார், மெதுவாக.
அதற்குக் காது வைத்துப் புரோகிராம் எழுதவில்லை சாய்லீலா.

"அந்த ஒரு வார்த்தை என்னா அங்கிள்?"
ஹரீஷ்தான்.

அவர் முதலில் பட்டையை அவிழ்த்தார்.
மடித்து என் கையில் கொடுத்தார்.
சுவர் வெறும் சுண்ணாம்பு ஆனபிறகு
"போ" என்றார்.

செருப்பை மறந்து ரோட்டில் இறங்கி
வெயில் சுட்டுத் திரும்பி வந்து
மாட்டிக்கொண்டு போனார்.

பட்டை ஈரமாக இருந்தது.
வரிசையில் அடுத்து, கிளி வளர்த்த ஒருவர்.
துடைக்கப் பஞ்சு எடுத்தேன்.
எடுத்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.