மீதி ஏழு சாண்

டனீடினிலிருந்து போர்ட் சால்மர்ஸ் போகும் சாலையில்
தினமும் ஆறேமுக்காலுக்கு எனக்கு முன்னால் அவள்.
நீல ஹெல்மெட், தாடைப் பட்டை இறுக்கி.
கேரியரில் குறுக்கே,
பிள்ளைகள் நீச்சலுக்குப் பிடித்துக்கொள்ளும் மஞ்சள் நுரைக்குழாய்
என் பக்கமாக ஒரு முழம் நீட்டிக்கொண்டு.

கிறுக்கு, என்றேன் ராவிரியிடம்.
சங்கிலியை இறுக்கிக்கொண்டே சிரித்தான்.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்.
தலைக்குத்தான் கவசம் இருக்கிறதே,
ஒட்டியே முந்தினேன்.
முதுகில் முப்பது டன் பைன்மரம்,
மேட்டில் வேகம் விட்டால் திரும்பக் கிடைக்காது.

வியாழக்கிழமை, யார்டில் லாரி கழுவும்போது
இடப்பக்க மட்கார்டு போல்ட்டில்
நாலு விரற்கடை மஞ்சள் நுரை.

எந்த வளைவில்?
ஸ்டியரிங் சொல்லவில்லை.
ரேடியோவில் மழை நிலவரம் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.
ஈரத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பிழிந்தால் சத்தமே இல்லை.

இன்றும் வந்தாள். குழாய் குட்டை,
பிய்ந்த முனையில் சிவப்பு டேப்.
மேடு முழுக்க இரண்டாம் கியரில்
பின்னாலேயே ஊர்ந்தேன்.
எனக்குப் பின்னால் ஏழெட்டு ஹார்ன்.

அவளுக்கு என்ன தெரியும்,
திரும்பாமலே கையசைக்கிறாள்
போ, போ என்று.