காரணம் என்ற கட்டம்

திங்கட்கிழமை.
செயலக வாசலில் நின்ற புள்ளிமான்
வரிசையில் நின்ற ஒருவரின் இலக்கச் சீட்டைத் தின்றுவிட்டது.
முப்பத்தேழு.
காவலாளி பழைய கடித உறையொன்றின் பின்புறத்தில்
முப்பத்தேழு என்று எழுதி
கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார்.
அலுவல் முடிந்தது.
மான் அடுத்தவரின் கையைப் பார்த்தபடி நின்றது.

என் மேசையில் புதுக் கணினி.
கொழும்பிலிருந்து வந்த மென்பொருள்
வீட்டுக்கொரு புள்ளி போடும்.
கூரை ஓடா தகரமா,
சைக்கிளா மோட்டார் சைக்கிளா,
மீற்றரில் எத்தனை யூனிற்.
அறுபதைத் தாண்டினால் சிவப்பு.
சிவப்பென்றால் கொடுப்பனவு இல்லை.
அடியில் என் பெயர், என் பதவி,
அங்கீகரி என்றொரு பொத்தான்.
போன மாதம் அதை இருநூற்றுப் பன்னிரண்டு தரம் அமத்தினேன்.
ஒருநாள், தேத்தண்ணி ஆறுவதற்குள் பத்தொன்பது.

பொய் சொல்லக்கூடாது.
முந்தின பட்டியலை மனிசர்தான் எழுதினவை.
கூட்டத்துக்கு ஆள் சேர்த்தவன் வீட்டுக்கு இரண்டு கொடுப்பனவு,
சாம்பல்தீவில் ஒரு கால் இல்லாத தர்மகுலத்துக்கு
பதினொரு வருசமாக ஒன்றுமில்லை.
தர்மகுலத்தைக் கண்டுபிடித்தது இந்த இயந்திரம்தான்.
அன்று எனக்குக் கண் கலங்கியது.
அதன்பிறகு நான் திரையை மட்டும் பார்த்தேன்.

முப்பத்தெட்டாம் இலக்கம்
திருக்கடலூர் யோகாம்பிகை.
பிளாஸ்ரிக் பைக்குள் வங்கிப் புத்தகம்,
விரல்களில் நெத்தலிச் செதில்.
"என்னை ஏன் பிள்ளை வெட்டினது?"
எழுபத்தொன்று. சிவப்பு.
"சிஸ்டம் வெட்டிப்போட்டுது அம்மா."
"சிஸ்டம் எண்டா ஆர்?
எந்த அறையில இருக்கிறார்?
நான் போய்க் கதைக்கிறன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.
எனக்கும் அந்த அறை தெரியாது.
கொழும்புக்கு அழைத்தேன்.
மரியாதையான இளங்குரல்:
"மொடல் அப்படித்தான் கணிக்கும் மிஸ்.
உள்ளுக்கு என்ன நடந்தது எண்டு
எங்களுக்கும் முழுக்கச் சொல்லேலாது."
நன்றி சொல்லி வைத்தேன்.
எதற்கு நன்றி?

பின்னேரம் ஸ்கூட்டியில் போனேன்.
வலை உலரும் மணலில் சில்லு புதைந்தது.
கதவு திறக்க முதலே இரைச்சல்.
மூலையில், மீன்பெட்டி உயரத்துக்கு,
யாரோ தருமமாகக் கொடுத்த ஒட்சிசன் இயந்திரம்.
குழாயின் மறுமுனையில் மகன் கஜமுகன்,
வயது இருபத்தாறு,
கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரவும் பகலும் ஓடவேண்டும்.
மாதம் இருநூற்று முப்பது யூனிற்.
"கரண்ட் போனா ஓடிவந்து
பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைக் கேட்பன்" என்றா யோகாம்பிகை.
குடிக்கச் சோடா வாங்க ஆள் அனுப்பினா.
வேண்டாம் என்று சொல்ல முதல் வந்துவிட்டது.

ஒரு இயந்திரம் அவனுக்கு மூச்சுக் கொடுக்கிறது.
இன்னொன்று அந்த மூச்சை எண்ணி
வசதியான வீடு என்று எழுதியிருக்கிறது.
இரண்டும் தங்கள் வேலையைத்தான் செய்தன.
நடுவில் இருந்த என் சுட்டுவிரல்
என்ன செய்தது?

பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது.
காரணம், விரும்பினால் மட்டும்.
இருநூற்றுப் பன்னிரண்டு தரமும் வெறுமையாக விட்டிருக்கிறேன்.
அடுத்தநாள் அதில் எழுதத் தொடங்கினேன்:
மகனுக்கு நுரையீரல், இயந்திரம் இருபத்துநாலு மணித்தியாலமும்...
எழுத்துகள் அதிகம் என்றது திரை.
நாற்பதுதானாம்.

லாச்சியிலிருந்து கோடுபோட்ட தாள் எடுத்தேன்.
ஒன்றரைப் பக்கம் வந்தது.
நேரில் பார்த்தேன் என்று எழுதி
முழுப் பெயரில் கையெழுத்து வைத்தேன்.
மேலதிகாரி இரண்டு தரம் வாசித்தார்.
"இதை எதோட இணைக்கிறது?" என்றார்.
இன்னும் பதில் வரவில்லை.
வராமலும் போகலாம்.

வெறும் கட்டங்களை முதலிலிருந்து திறக்கிறேன்.
இரண்டாவது கோப்பு பாலையூற்று,
தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கை.
அறுபத்திரண்டு. சிவப்பு.
விலாசத்தை உள்ளங்கையில் எழுதியிருக்கிறேன்.
ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடிக்கவேண்டும்.