இருண்ட எண்ணிக்கை

மஞ்சக்குப்பம் நூலகத்தின் குறிப்புதவிப் பகுதிக்கு
ஒரே மின்விசிறி.
அதன் கீழ் நாற்காலியை
என் வார ஓய்வு நாளில்
யாருக்கும் தராமல் வைத்திருப்பார் இக்னேஷியஸ்.
சுடிதாரில்தான் வந்தேன் முதல் நாள்.
கொண்டை போட்டிருந்த விதத்திலேயே
எந்த ஸ்டேஷன் என்று கேட்டுவிட்டார்.

இங்கிருக்கும் எதையும் வீட்டுக்குத் தர மாட்டார்கள்.
குற்றவியல் அகராதி, தடய மருத்துவம்,
சிறை விதிகளின் தொகுப்பு,
புயல் வருஷத்தில் நனைந்து
பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்ட ஆண்டறிக்கைகள்.
எல்லாவற்றின் முதுகிலும் சிவப்பு முத்திரை:
வெளியே எடுத்துச் செல்லலாகாது.
கேப்பர் மலைக்காரனுக்காவது பரோல் உண்டு சார் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவர் மைத்துனன் அங்கே இருக்கிறானாம்.
வார்டராகவா, வேறு மாதிரியா
என்று நான் கேட்கவில்லை.

அஞ்சல்வழி முதுகலை, இரண்டாம் ஆண்டு.
பழைய எண்களை மறப்பதுதான் பெரும்பாடு.
முந்நூற்றிரண்டு இப்போது நூற்று மூன்று.
ஒப்பீட்டு அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து
பீரோக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்,
பால் கணக்குக்குப் பக்கத்தில்.
கொலையானவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று புள்ளிவிவரத் தொகுதி.
கடலூர் மாவட்டம் என்ற வரியில்
அடிக்கோலை வைத்து வலப்பக்கம் நகர்கிறேன்.
மதுவிலக்கு: நான்கு இலக்கம்.
தெரிந்ததுதான். ஆல்பேட்டைச் சாவடியில் நின்றவள் நான்.
புதுச்சேரியிலிருந்து வரும் குவார்ட்டர்
ஸ்கூட்டர் சீட்டுக்கடியில்,
இளநீர்க் குலைக்கு நடுவில்,
ஒருமுறை கல்யாணச் சீர்த்தட்டில்
வெற்றிலைக்குக் கீழே.
எடுத்து, எண்ணி, மகசர் போட்டு, சீல் வைத்து.
ஒரு பாட்டில்கூடக் கணக்கில் தவறியதில்லை.

கணவர் அல்லது அவர் உறவினர் இழைத்த கொடுமை:
முப்பத்தொன்று.

அடிக்கோல் அங்கேயே நின்றுவிட்டது.

அகராதியை இழுத்தேன்.
தேர்வில் அடிக்கடி வரும் ஐந்து மதிப்பெண் கேள்வி.
இருண்ட எண்ணிக்கை:
நடந்தும் பதிவேட்டுக்கு வந்து சேராத குற்றங்களின் தொகை.
எவ்வளவு என்று யாராலும் அறுதியிட்டுக் கூற இயலாது.

யாராலும் என்று போட்டிருக்கிறது.
எனக்கு ஒன்று தெரியும்.

சோனங்குப்பம் அஞ்சலாட்சி.
அந்த வருஷம் ஐப்பசி, விடாத மழை.
செதில் ஒட்டிய கையோடு
மேசையைத் தொடலாமா என்று நின்றாள்.
இடது காது வீங்கியிருந்தது.
கேட்டதையே மறுபடி கேட்க வைத்தாள்.
உள்ளறையிலிருந்து மேடம் சொன்னார்:
"மாசக் கடைசி. கேஸ் ஏறிக்கிட்டே போவுது.
மனு ரசீது போட்டு அனுப்பு."

போட்டேன்.
என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.
அதற்காகவே என்னை ரைட்டராக வைத்திருந்தார்கள்.
ரசீதை நாலாக மடித்து
மீன் விற்ற காசோடு செருகிக்கொண்டு கேட்டாள்,
"இதக் காட்டுனா அடிக்க மாட்டானா?"

மாட்டான் என்றேன்.
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

போன மாதம் முதுநகர் ஏலத்தில்
அவளைப் போல ஒருத்தி.
யார் விலை கேட்டாலும்
முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.
சங்கரா வாங்கப் போனவள்
வெறும் பையோடு பஸ் ஏறினேன்.

ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டார் இக்னேஷியஸ்.
இன்னும் பத்து நிமிஷம்.
நோட்டைப் பிரித்து விடையை எழுதிப் பார்க்கிறேன்:
வரையறை.
புகார் ஏன் வருவதில்லை, நான்கு காரணங்கள்.
வந்த புகார் எங்கே போகிறது என்பது
பாடத்திட்டத்தில் இல்லை.
உதாரணம் ஒன்று தருக.

ஏதோ ஒரு குளிர்நாட்டில்
வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கெடுப்பை
உதாரணமாகக் கொடுத்திருக்கிறது புத்தகம்.
அதைத்தான் எழுதினேன்,
முத்து முத்தாக.