மழைக்கோட்டு பரணில்

கார்த்திகை முடிந்ததும் மடித்துப்
பரணில் போட்டேன் மழைக்கோட்டை.
போன வருடம் அதற்கு வேலையே வரவில்லை.
ஐப்பசி முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டினேன்.
குன்றக்குடி ரோட்டில் செம்புழுதி
சட்டைக் காலரில் கோடு இழுக்கும்.
தீபாவளிக்கு முதல்நாள்
பெட்ரோல் டேங்க் சுட்டுத் தொடை சிவந்தது.

அன்று மாசி பதினாறு.
காலையில் சாக்கோட்டை, பிறகு புதுவயல்.
பின் சீட்டில் தெர்மாகோல் பெட்டி,
பெட்டிக்குள் ஐஸ் பை, ஐஸ் பைகளுக்கு நடுவே
இருபத்திரண்டு குழாய்களில் பிறத்தியார் ரத்தம்.
சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று
காரைக்குடி லேபுக்குத் தெரியவேண்டும்,
பதினோரு மணிக்குள்.

அரிசி ஆலைகளைத் தாண்டியதும்
ரோட்டில் பாதியை நெல்லுக்குக் கொடுத்திருந்தார்கள்.
ஓரத்தில் கல் வைத்து, கருவேல முள் வைத்து
வண்டிக்காரர்களுக்கு எல்லை.
காய்ந்த நெல்லில் டயர் ஏறினால்
வண்டி நம் பேச்சைக் கேட்காது.
தெரியும். ஆறு வருடமாகத் தெரியும்.
முன் பிரேக்கைத் தொடாமல், இரண்டாவது கியரில்,
தூங்கும் வீட்டுக்குள் நுழைவதுபோல் போவேன்.

கண்டனூர்ப் பக்கம் வானம்
அழுக்குத் தண்ணீரில் அலசிய வேட்டியாக
இறங்கியிருந்தது.
பனி என்று நினைத்தேன்.
மாசியில் வேறு என்ன நினைப்பது?
முதல் துளி ஹெல்மெட் கண்ணாடியில்
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு விழுந்தது.

அப்புறம் எண்ணவில்லை.

நனைந்த நெல் சோப்பு.
பின்சக்கரம் தனியாக வேறோர் ஊருக்குக் கிளம்பியது.
நான் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி
தார்ரோட்டில் உட்கார்ந்திருந்தேன்.
வண்டி படுத்துக்கொண்டே உறுமியது.

"அடி ஒண்ணும் இல்லேல்ல? இந்த முனையைப் பிடிங்க!"
தார்ப்பாயின் மறுமுனை
காற்றில் தலையைத் தூக்கி ஆடியது.
பிடித்தேன்.
முழங்கை எரிந்தது பிறகுதான் தெரிந்தது.
அவள் பலகையால் நெல்லைத் தள்ளித் தள்ளி
வானத்தை ஏசினாள்:
"ஐப்பசியில அண்ணாந்து பாத்தே கழுத்துச் சுளுக்கிச்சு.
காசுக்குத் தண்ணி வாங்கி வெளைய வச்சேன்.
இப்ப ஒன்னய யாரு கேட்டா?
யாரு கேட்டா ஒன்னய?"

தூரத்திலிருந்து யாரோ "சேதுக்கரசி" என்று கத்தினார்கள்.
பெயர் அப்படித்தான் தெரிந்தது.

மழை நின்றபாடில்லை.
பிளக் நனைந்து, பதினான்கு உதைக்குப் பிறகு
ஒரு தும்மல் போட்டது எஞ்சின்.
அவள் யூரியாச் சாக்கை ஒருபக்கம் கிழித்து
கொங்காணியாக மடித்துக் கொடுத்தாள்.
பெட்டிக்குப் போட்டேன்.
"தலைக்குத்தாங்க குடுத்தேன்" என்றாள்.

காரைக்குடியில் வெயில்.
பஸ் நிலையத்தில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.
சொட்டச் சொட்ட நான் மட்டும்
கடலில் இருந்து வந்தவன்போல் நின்றேன்.
"மழையா? மாசியிலயா?" என்றாள் ஜெனோவா,
கையுறையைக் கழற்றாமல்.
தாமதப் பதிவேட்டில் காரணம்: மழை.
அதன் பக்கத்தில் மேனேஜர் பச்சை மையில்
ஒரு கேள்விக்குறி.

எட்டாம் நம்பர் குழாய் சரியில்லை.
குலுங்கியதில் ரத்தம் உடைந்துவிட்டது.
அடைக்கப்பன், அறுபத்தேழு, புதுவயல்.
விழுந்தது நான்,
இன்னொரு குத்து அவருக்கு.

இப்போது மழைக்கோட்டு
பக்கப்பெட்டியில் கிடக்கிறது.
வெயிலில் இளகி மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்கிறது.
உரித்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறேன்.

ஆறு நாள் கழித்து
சிக்கந்தர் பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி
மட்கார்டுக்குள் எட்டிப் பார்த்தவர்
சிரித்துவிட்டார்.
செம்மண் அப்பிய இடத்தில்
விரல்கடை உயரத்துக்கு நாலைந்து நாற்று.
"வண்டியில வெவசாயமா? தண்ணி அடிக்கவா, வேணாமா?"

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடிங்க பாய்,
நாளைக்குக் கல்லல் லைன்.