இரண்டாம் நடை

விடியுமுன், ஐந்து ஐம்பதுக்கு,
முதல் நிறுத்தத்தில் ஏறுவான் டெமாரியஸ்.
படிக்கட்டு ஒருமுறை முனகும்.
அது அவன் காதில் விழாதிருக்க
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.

மிசிசிப்பிக் கரை மண். கறுப்பு.
இரண்டு பக்கமும் சோயா,
சோயா முடிந்தால் மக்காச்சோளம்.
படகேறும், எங்கோ பன்றிக்குப் போகும்,
இங்கே எவர் வாய்க்கும் நேராக வராது.
ஊரெல்லாம் சுற்றிவிட்டு
பெட்ரோல் பங்க் கடைக்கு
எண்ணெயாகவும் சர்க்கரைப் பாகாகவும்
எங்களிடமே திரும்பும்.

கீரை வாங்க இருபத்தெட்டு மைல்.
வறுத்த கோழிக்கு
என் பேருந்து திரும்பும் மூலையே போதும்.
குழாயில் பழுப்பாக வரும் வாரங்களில்
கெசாயா வீட்டில் கைக்குழந்தைக்கும் சோடாதான்.
எலுமிச்சை சோடா.
"அதுல அடி தெரியுதே" என்பாள்.

போன மாதம் பள்ளியில் எடை பார்த்தார்கள்.
வீட்டுக்குக் கடிதம்:
தினமும் அறுபது நிமிடம் நடக்கவும்.
எங்கே நடக்க?
நெடுஞ்சாலைக்கு ஓரமே கிடையாது.
பருத்தி லாரி போனால் வேலிக்கம்பி அதிரும்.
டெமாரியஸ் அதை எட்டாக மடித்து
ஜன்னல் இடுக்கில் செருகினான்.
மழைக்கு அங்கே ஒழுகும்.
இப்போது ஒழுகுவதில்லை.

பள்ளியில் கூடைப்பந்துக் கூடம் உண்டு.
மூன்றரைக்கு மணி, மூன்று நாற்பதுக்கு என் வண்டி.
ஆட நின்றவன் வீடு சேர முடியாது.
சோம்பேறிப் பிள்ளைகள் என்கிறார்கள்.
நாளுக்கு மூன்று மணிநேரம்
அவர்களை உட்காரவைத்து ஓட்டுகிறவள் நான்.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

கல்விக் குழுவில் எழுந்து கேட்டேன்,
ஆறு மணிக்கு இன்னொரு நடை.
டீசல் கணக்கு காட்டினார்கள்.
"மன உறுதி என்று ஒன்று வேண்டாமா?"
என்றார் திரு. ஹாலோவெல்.
அவர் முன்னால் டோனட் தட்டு.
நான் ஒன்றும் சொல்லவில்லை; நானும் ஒன்று தின்றிருந்தேன்.

வாரம் இரண்டு நாள் தந்தார்கள்.
கிறிஸ்துமஸ் வரை.

நேற்று ஆறு மணி, இருட்டு.
சட்டை முதுகோடு ஒட்ட
"அது ஃபவுலே இல்லை" என்று
யாரிடமோ கத்தியபடி ஏறினான் டெமாரியஸ்.
படி முனகியிருக்கும்.
ரேடியோவைத் தொட மறந்துபோனேன்.
"தண்ணி இருக்கா?"
என் பாட்டிலில் பாதி இருந்தது.

முன் சீட்டில் கெசாயா ஷூவைக் கழற்றி
விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள்,
புதிதாக வாங்கியவை போல.
வியாழக்கிழமையும் உண்டுதானே என்று
வீடு வருவதற்குள் ஐந்து முறை கேட்டாள்.