வளைந்த விரல்

நோபிள் பார்க், ஜனவரி, நாற்பத்தொரு டிகிரி.
கால் பக்கம் நழுவிய பந்து என்னுடையது.
ஸ்டம்புக்குப் பின்னால் இருந்த விரல் தயாபரனுடையது.
சத்தம் சின்னதுதான்,
பிஸ்கட் ஒடிவது மாதிரி.

பியர் பெட்டிப் பனிக்கட்டிக்குள் கையைப் புதைத்துக்கொண்டு
"அவுட்டா?" என்று கேட்டான்.
இல்லை. நாலு ரன், பைஸ்.

அடுத்த செவ்வாய் மாநில அணித் தேர்வு.
எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியது.
இரண்டு வருடம் என்னோடு பேச்சில்லை.
பிறகு ஒரு சனிக்கிழமை
பதின்மூன்று வயதுப் பையன்களின் ஆட்டத்துக்கு
வெள்ளைக் கோட்டில் வந்து நின்றான்.
நான்தான் ஸ்கோரர்.

அவனைப்போல் அப்பீல் கத்தியவன்
டான்டினோங் வட்டாரத்திலேயே கிடையாது.
இப்போது பதினொரு பேர் தொண்டை கிழியக் கேட்டாலும்
கோட்டுப் பையில் ஆறு ஐந்து-செண்ட் காசுகளை
ஒவ்வொன்றாய் நகர்த்தியபடி நிற்கிறான்.

காலி, டர்பன், பிரிட்ஜ்டவுன்.
கேமராவுக்கு அந்த விரல்மேல் ஒரு ஆசை:
நடுக்கணுவில் இடப்பக்கம் சாய்ந்து
'அவுட்'டுக்குள் ஓர் 'ஆனால்' செருகினாற்போல் எழும்.
வர்ணனையாளர்கள் சிரிப்பார்கள்.
நான் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

போன வாரம் பிரிட்ஜ்டவுனில்
ரிவியூ அவனுக்கு எதிராகப் போனது.
திரையில் நீலக்கோடு லெக் ஸ்டம்பைத் தொடாமல் கடக்க,
கைகளை மாற்றித் தோள்களைத் தொட்டு
சொன்னதைத் திரும்ப வாங்கினான்.
முகத்தில் ஒன்றும் இல்லை.

இங்கே விடிகாலை மூன்று மணி.
சோபாவில் உட்கார்ந்தபடி
என் கைகளையும் மாற்றி
தோள்களைத் தொட்டுப் பார்த்தேன்.