ஏழின் வரிசை

ஃபஸ்மியா என்று வைத்துக்கொள்வோம்.
பெயர் அதுவல்ல. ஊர் கிண்ணியாதான்,
பாலம் தாண்டி ஆறரை பஸ்ஸில் வந்தவள்.
படிவத்தில் வயது முப்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
"மறுபடியும்" என்று மட்டும்
யாரோ நீலப் பேனையால் எழுதியிருந்தார்கள்.

ஒரு வருடத்தில் ஐந்தாவது முறை.
அதே மதுவம், அதே வெள்ளைத் திரள்,
குளியலறைக் கதவைச் சாத்தி
பல்லைக் கடித்து நிற்கவைக்கும் அதே அரிப்பு.
ஐந்து அறிக்கையிலும் கையொப்பம் என்னுடையது:
மருந்துக்குக் கட்டுப்படும்.

"முழுக்கப் பாவிச்சீங்களா?"
டொக்டர் திலினிக்குத் தெரிந்த தமிழில்
இந்த வாக்கியம் மட்டும் பிசகுவதில்லை.
"பாவிச்சன்" என்றாள்.
நம்பாத முகம் ஒன்றையும்
மருந்துச் சீட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள்.

அன்றிரவு ஆய்வுகூடத்தில் என் முறை.
வழக்கமாக நான் குழாய்களில் ஊற்றுவது
பி.எச். ஏழு.
புளிப்புமில்லை, காரமுமில்லை,
எவருடைய உடம்பிலும் ஊறாத ஒரு நீர்.
அதில் மதுவத்தை விட்டு மருந்தைத் துளித்தால்
கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.
அவளுடைய யோனியிலோ நாலு.
நல்ல கிருமிகள் காவலுக்கென்று
ஓயாமல் ஊறவைக்கும் புளிப்பு.
நாலுக்கும் ஏழுக்கும் மூன்று படிதானே என்று நினைப்பீர்கள்.
ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.
ஆயிரம் மடங்கு தள்ளி நின்றுகொண்டு
ஒப்பமிட்டிருக்கிறேன், ஐந்து தரம்.

முதலில் அகாரைப் புளிக்கவைத்தேன்.
உறையவில்லை. கஞ்சியாய்க் கிடந்தது.
தொட்டியில் கொட்டினேன், பதிவேட்டில் எழுதவில்லை.
பிறகு குழாய்கள், இரண்டு வரிசை:
ஒன்று ஏழில், ஒன்று நாலில்.
அவளுடைய மதுவம். அதே ஃப்ளுகொனசோல்,
பாதி, பாதியின் பாதி என்று இறங்கி இறங்கி.

இரண்டு நாள் காத்திருந்தேன்.
ஆஸ்பத்திரி மதிலோரம் மான்கள் வந்து போயின,
ஒன்று பிளாஸ்டிக் பையை மென்றபடி.

மூன்றாம் நாள் காலை
ஏழின் வரிசை தெளிந்திருந்தது.
நாலில்
மிகக் கடுமையான முதற்குழாய் தவிர
மீதியெல்லாம்
மாரியில் மகாவலி வந்து விழும்
கொட்டியாரக் குடாவின் கலங்கல்.

கன்னியாவில் ஏழு கிணறு.
கையெட்டும் தூரம், ஒவ்வொன்றும் ஒரு சூடு.
அங்கே வாளி பிடித்த எவரும்
ஒன்றில் விரல் வைத்துவிட்டு
அடுத்ததன் சூட்டைச் சொல்வதில்லை.

டொக்டர் திலினி குழாய்களை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நெடுநேரம்.
"ஒரு பெண். ஒரு சோதனை.
இதை வைத்து விதி எழுத ஏலாது" என்றார்.
உண்மைதான்.
பிறகு சீட்டை இழுத்து
வேறொரு மருந்தின் பெயரை எழுதினார்.
புளிப்புக்கு அவ்வளவாய்ச் சோராதது என்று
எங்கோ வாசித்தாராம்.
பதினாலு இரவு.

நடைவழியில் அவள் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தாள்.
பக்கத்தில் போய்ச் சொன்னேன்:
"நீங்க முழுக்கப் பாவிச்சிருக்கிறீங்க.
எனக்குத் தெரியும்."
எண்ணுவது நின்றது.
நிமிர்ந்து பார்க்கவில்லை.
முதலிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

ஆறாவது படிவம் இன்னும் வரவில்லை.
குணமாகியிருக்கலாம்.
எங்களிடம் வருவதை விட்டிருக்கலாம்.
இரண்டுக்கும் என் தட்டில்
ஒரே வெற்றிடம்தான்.